முக்கோண சைக்கிளும் நான்கு மழைக்காலமும்

அந்த மடக்கு சைக்கிள் என் கைக்கு வந்து நாலரை வருடம் ஆகிறது. யாங்கூனில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையின் மூலையில், மடக்கிய குடைபோலச் சாய்ந்து நின்றது. விலையை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் சொன்ன தொகை வேறு.

மூன்று குழாய்கள் சேர்ந்த முக்கோணம், அடியில் 16 அங்குலச் சக்கரம் இரண்டு, அவ்வளவுதான் வண்டி. சங்கிலி கிடையாது, பல் வைத்த பெல்ட். மார்க் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் லண்டனில் மாணவராக இருந்தபோது வரைந்து, 1987-இல் ஸ்ட்ரைடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வடிவம் இது. என்னுடையது அசல் இல்லை, ஊர் பேர் தெரியாத நகல். அதனால் கீழே வரும் புலம்பலை அசலின் தலையில் கட்ட வேண்டாம்.

வீடு யாங்கூனின் புறநகரான இன்சேனில், வேலை நகருக்குள் காளி கோயில் பக்கம் அனோரதா சாலையில். (பெரியவர்கள் இன்னும் பிரேசர் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள்.) 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளும் போக முடியாது. ஆகவே ரயிலடி வரை மிதிப்பேன், மடக்குவேன், வட்ட ரயிலில் ஏறுவேன், இறங்கிச் சந்து சந்தாகக் கடைக்குப் போவேன். 46 கிலோமீட்டர் சுற்றுகிற அந்த ரயிலில் கீரைக்கட்டு, கோழிக்கூடை எல்லாம் ஏறும்போது என் முக்கோணத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மடக்கினால் இரண்டு சக்கரமும் ஒட்டிக்கொண்டு நிற்கும், கைத்தடிபோல உருட்டிக்கொண்டே போகலாம்.

உண்மையில் இது மடங்கியிருக்கும்போதுதான் நல்ல வண்டி. விரித்து ஓட்டினால் குணம் தெரியும். ஹேண்டில் லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும், ஒரு கையை எடுத்துச் சைகை காட்டினால் உயிர் கையில் இல்லை. உடம்பின் பாரமெல்லாம் பின்சக்கரத்தில். பன்சோடான் மேம்பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கப் பார்த்தேன். முன்சக்கரம் தூக்கியது, பக்கத்தில் வந்த சைக்கா (இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) அண்ணன் சிரித்தார். அதிலிருந்து ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவதுதான்.

லுங்கி கட்டிப் போகிறவனுக்கு மட்டும் இது வரம். குறுக்குக் குழாய் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சங்கிலி இல்லாததால் ஓரத்தில் மசை ஒட்டாது. பஞ்சர் கடைக்காரருக்கும் இதைப் பிடிக்கும். சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே தாங்கி நிற்கிறது. கழற்றாமலேயே டியூப்பை உருவி மாற்றிவிடலாம். 16 அங்குலம் என்று போட்டிருந்தாலும் 305, 349 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவு உண்டு, ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. என்னுடையது 305, அதாவது சிறுபிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் அளவு. முன் டயர் இப்போது என் மகன் ஓட்டிக் கழித்த வண்டியுடையது.

பெல்ட்தான் தலைவலி. மழையில் மணல் ஏறிவிட்டால் கீச்சுக்கீச்சென்று தெருவுக்கே கேட்கும், அழுத்தி மிதித்தால் பல் தாவும். மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், முழங்கால் தண்ணீரில், அறுந்தேவிட்டது. ஊரில் கேட்காத கடையில்லை. மச்சான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு கொண்டுவரும் வரை ஐந்து மாதம் அது துணி காயப்போடும் கம்பி.

அன்றைக்கு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சைக்காதான். யோசித்தால் அதைவிட விசித்திரமான சைக்கிள் உண்டா? பக்கத்தில் ஒரு தொட்டி, அதில் இரண்டு பேர் முதுகோடு முதுகு. ஒருவருக்குப் போகிற வழி தெரியும், மற்றவருக்கு வந்த வழி. நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன், முக்கோணம் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தது. வழியில் சைக்காவின் சங்கிலி கழன்றது. மாட்டி, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் மறுபடி மிதித்தார் அவர்.

ரயிலடிக்குப் பக்கத்தில் வீடும் வேலையும் உள்ளவர்கள், சமதரையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் போகிறவர்கள் வாங்கலாம். வாங்கும்போதே கூடுதலாக ஒரு பெல்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், மிச்சம் இருப்பது ஒன்றுதான்.