1969 காம்பர் வானுக்கு முன் டிஸ்க் பிறேக்: கிட்டும் கராஜும் எப்படி?

எங்களிடம் இருப்பது 1969ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பே விண்டோ (முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாய் வருகிற ரக வான்), வெஸ்ட்பாலியா கொம்பனியின் காம்பர் உள்வேலையோடு. நான்கு சில்லுக்கும் ட்றம் பிறேக் (சுழல்கிற ட்றம்முக்குள் சூ என்ற வளைந்த துண்டுகள் விரிந்து அழுத்துவது), கால் பலத்தைக் கூட்டித் தருகிற சர்வோ கிடையாது. இந்த ரகத்துக்கு கொம்பனியே முன் டிஸ்க் (சுழல்கிற தட்டை இரு பக்கமும் பாட் என்ற துண்டுகள் பிடிப்பது) போடத் தொடங்கியது 1971 மொடலில் இருந்துதான். போன குளிர்காலத்தில் முன்பக்கத்தை மட்டும் டிஸ்க்குக்கு மாற்றுவித்தோம். கோடை முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் கராஜ். கென்ட்டில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள் ஒரே ஆள் நடத்துகிற இடம். கையில் வேலை நிறைய இருக்கிறதாம், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் கிட் (மாற்றத்துக்கான பாகங்களின் தொகுப்பு) போட வேண்டும் என்று போனபோது அவர் கிட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லை. வானைத் தூக்கி, முன் சில்லுக்கு பிறேக் ஒயில் கொண்டுபோகிற இறப்பர் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதச் சொன்னார். காற்றுப் போகக் கஷ்டப்பட்டது. வெளியில் ஒரு வெடிப்பும் இல்லை, உள்ளே இறப்பர் வீங்கி வழியை அடைத்திருந்தது. ஹோஸ் எல்லாம் புதிதாய்ப் போட்டு, டொட் 4 பிறேக் ஒயில் மாற்றி, நாலு ட்றம்மையும் அட்ஜஸ்ட் பண்ணித் தந்தார். “இப்ப கொஞ்ச நாள் ஓடுங்கோ. இது போதும் எண்டால் கிட்டுக்குக் காசைக் கொட்டாதேங்கோ” என்றார். விற்க வந்த ஆள் இப்படிச் சொன்னதால்தான் மிச்ச வேலையையும் அவரிடமே கொடுத்தேன்.

லண்டனுக்குள் அது தாராளமாய்ப் போதும். எங்களுக்குப் போதாமல் போனது தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மலைப்பக்கத்தில். லின்மவுத்தில் இருந்து ஏ39 றோட்டால் வந்தால் போர்லொக் இறக்கம் வரும், நாலுக்கு ஒன்று சரிவு. தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், கட்டில், பிள்ளைகள் என்று நிறைந்த வான். இரண்டாம் கியரில் இறங்கினாலும் வளைவுக்கு வளைவு பிறேக் மிதிக்கத்தான் வேணும். ட்றம் சூடாகிற நேரம் விரிந்து சூவை விட்டு விலகும், சூவில் ஒட்டிய லைனிங்கின் பிடியும் குறையும். பெடல் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கீழே போகும். டிஸ்க்கில் விலகிப் போக ஒன்றுமில்லை, காற்றும் நேரே படும். மலைப்பக்கம் போகிற ஆட்களுக்கு இந்த மாற்றம் வேண்டும் என்பேன். மற்ற ஆட்கள் ஹோஸோடு நிற்கலாம்.

கிட் வாங்கும்போது பார்க்க வேண்டியது சில்லின் போல்ட் வட்டம். 1970 வரை வந்த வான்களில் ஐந்து போல்ட்டும் 205 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். 1971 மொடலில் இருந்து அது 112. பிந்திய வானின் டிஸ்க்கைக் கழற்றிப் போட்டால் முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு வேறு சில்லு. ஸ்பெயர் ரயர் எதற்குப் பொருந்தும்? பின் ட்றம்மையும் மாற்ற வேண்டி வரும். நாங்கள் எடுத்தது 205இலேயே வருகிற கிட். பழைய 14 அங்குலச் சில்லும் குமிழ் மூடியும் அப்படியே இருக்கின்றன, வெளியில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டிஸ்க்கும், பாட்டை அழுத்துகிற கலிப்பரின் தாங்கியும் நல்ல தரம், போல்ட்டுகள் சரியாய்ப் பொருந்தின.

கூட வந்த விளக்கத்தாள்தான் மோசம். ட்றம்முக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுவது அதுதான்) ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. ட்றம்மில் சூவை இழுக்க பலத்த ஸ்பிரிங் இருப்பதால் பிரச்சினை இல்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை, பாட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே நிற்கும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கராஜ்காரர் ஒரு சுற்று ஓடி வந்து, முன் சில்லின் நடுவில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டு, முன் பக்கத்து வால்வைக் கழற்றினார். வீட்டில் தானே பூட்டுகிற ஒருவர் இதை அறியாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாய் இருக்கிறது. விற்கிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சர்வோவையும் சேர்த்தே ஓடர் பண்ணினோம், அது வந்து சேரப் பிந்திவிட்டது. இடையில் டிஸ்க்கோடு மட்டும் ஓடியதில் ஒன்று விளங்கியது: பெடல் பழையதைவிட இறுக்கம். ட்றம்மில் சில்லு சுழல்கிற வேகமே சூவை உள்ளே இழுத்துக் கால் பலத்துக்குத் துணை செய்யும். டிஸ்க் அந்த உதவியைச் செய்யாது. மனிசி ஒருமுறை ஓட்டிவிட்டு, “இது எனக்கு வேண்டாம், நீங்களே ஓடுங்கோ” என்று திறப்பைத் தந்துவிட்டா. சர்வோ பூட்டுவதும் லேசான வேலை இல்லை. அது என்ஜினின் வாக்குவத்தில் (உறிஞ்சலில்) வேலை செய்வது. என்ஜின் பின்னால், பெடல் முன்னால், ஆகவே வாக்குவம் குழாயை வானின் முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். அது பூட்டிய பிறகு அவதான் போர்லொக்கில் இறக்கினா. அடிவாரம் வரை பெடல் ஒரே உயரத்தில் நின்றது. டிஸ்க்கையும் சர்வோவையும் தயவுசெய்து பிரித்து வாங்காதீர்கள்.

பின் ட்றம்மும் ஹாண்ட் பிறேக்கும் முன்பு இருந்த மாதிரியேதான், அவற்றை ஒழுங்காய் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு, ஹோஸ் முதல் கூலி வரை, இரண்டாயிரம் பவுணுக்குக் கிட்ட. இன்சூரன்ஸுக்குக் கட்டாயம் அறிவியுங்கள், இது மாற்றம் என்றுதான் கணக்கு. நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்த வாகனச் சோதனை கட்டாயம் இல்லை என்றாலும் நாங்கள் கொண்டுபோய்ச் செய்வித்தோம். உருளையில் ஏற்றி இடமும் வலமும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று அளந்து தருவார்கள், பிறேக்கில் கை வைத்த வானுக்கு அந்தச் சின்னக் கட்டணம் தாராளமாய்க் கொடுக்கலாம்.