சொல்லிவிட்டுப் படுக்கும் வண்டி எது? எம்3, போர்ஷே 996, ஆடி எஸ்4

இருபது, இருபத்தைந்து வயதான ஜெர்மன் வேகக் கார் ஒன்றை வாங்கி, சனிக்கிழமைதோறும் அதன் அடியில் படுத்துக் கிடக்கலாம் என்று முடிவெடுத்துவிட்ட ஆளிடம் "ஏன் இந்த வேண்டாத வேலை" என்று கேட்டுப் பயனில்லை. எதை வாங்கலாம் என்று சொன்னால்தான் காதில் ஏறும். நான் ஜெர்மனியில் இருப்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: பிஎம்டபிள்யூ இ46 எம்3, போர்ஷே 911-ன் 996 தலைமுறை, ஆடியின் பி5 எஸ்4 (இ46, பி5 என்பவை தலைமுறைக் குறியீடுகள்).

முதலில் எண்களை முடித்துவிடுவோம். எம்3: 2000 முதல் 2006 வரை, நேர்வரிசை ஆறு சிலிண்டர், 3,246 சிசி, டர்போ கிடையாது, ஐரோப்பிய மாடலில் 343 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரை கத்தும். 996 அறிமுகமானது 1997-ல். முதலில் 3.4 லிட்டரில் 300, 2002 மாடலிலிருந்து 3.6 லிட்டரில் 320 குதிரைத்திறன், ஆரம்ப மாடலின் எடை 1,320 கிலோதான், எம்3 அதைவிட நூற்றைம்பது கிலோவுக்கு மேல் கனம். எஸ்4: 2.7 லிட்டர் வி6, இரண்டு டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, 265 குதிரைத்திறன். மூன்றுமே இன்றைக்கும் போதுமான வேகம், அதனால் எது வேகம் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. இந்த வயதில் மூன்றும் படுக்கத்தான் போகின்றன. படுப்பதற்கு முன்னால் எது வாயைத் திறந்து சொல்கிறது, சொன்ன பிறகு நம் கையால் ஏதாவது செய்ய முடிகிறதா, இதுதான் என் கணக்கு.

எம்3-யிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதன் கெட்ட பெயர்தான் பெரியது. பின் அச்சைத் தாங்கும் சட்டம் காரின் தரைத்தகட்டில் நான்கு இடத்தில் போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தகடு இந்த எஞ்சினின் முறுக்குக்குக் கொஞ்சம் மெல்லிசு, வருடக்கணக்கில் ஆக்சிலேட்டரை மிதித்து விட்டு மிதித்து விட்டு ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போய் போல்ட் பிடிமானத்தைச் சுற்றி விரிசல் விடும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இது கண்ணால் பார்க்கக்கூடிய நோய். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு முன்பே, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போது பின்னாலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியிருக்கும் (அது வேறு புஷ் தேய்ந்ததாலும் இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது). வைத்தியமும் எல்லோருக்கும் தெரிந்ததே: அச்சை மொத்தமாக இறக்கி, விரிசலை வெல்டிங் செய்து, நான்கு இடத்திலும் தடித்த தகடு வைத்துப் பற்றவைப்பது. நல்ல வெல்டர் ஒருவர் வேண்டும், மிச்ச வேலையெல்லாம் கழற்றுவதும் மாட்டுவதும்தான். ஒருமுறை செய்தால் தீர்ந்தது.

அடுத்தது கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது. ஆரம்ப வருடக் கார்களுக்கு பிஎம்டபிள்யூவே அழைத்து மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் இதை எஞ்சினின் தேய்மானப் பொருளாகத்தான் இந்த வண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள், கிளட்ச் பிளேட் மாதிரி. எஞ்சினை மேலே தொங்கவிட்டு, முன் சட்டத்தை இறக்கி, ஆயில் பேனைக் கழற்றினால் கீழிருந்தே மாற்றிவிடலாம். ராட் போல்ட் ஒருமுறைதான் பயன்படும், புதுசு போட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கி, அதற்கு மேல் டிகிரி கணக்கில் திருக வேண்டும். இந்த ஒரு இடத்தில் "கை அளவு" என்று இறுக்குகிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். அப்புறம் வேனோஸ், அதாவது கேம் ஷாஃப்ட்டின் நேரத்தை 100 பாருக்கும் மேலான ஆயில் அழுத்தத்தில் முன்பின் நகர்த்தும் அமைப்பு. அதன் பம்ப்பை ஓட்டும் தட்டில் ஆட்டம் விழுந்தால் கேம் ஷாஃப்ட் பக்கத்துக் காதுகள் உடையும், ஆனால் அதற்கு முன்பே ஐடிலில் ஒரு கடகடப்பு தொடங்கிவிடும். ஆயில் 10டபிள்யூ-60, குளிர் எஞ்சினை விரட்டக்கூடாது, பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டியைக் கிழடாகும் முன் மாற்ற வேண்டும். அவ்வளவு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

எனக்கு இந்த எஞ்சினில் பிடித்த வேலை டேப்பெட் செட்டிங். 24 வால்வு, தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் எல்லாம் கிடையாது, ஃபீலர் கேஜை விட்டு வால்வு இடைவெளியை அளந்து, ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும்: உள்ளிழுக்கும் பக்கம் 0.18 முதல் 0.23 மில்லிமீட்டர், வெளியேற்றும் பக்கம் 0.28 முதல் 0.33. எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. முதல் தடவை ஒரு ஷிம்மை எடுக்கும்போது கை நழுவி அது செயின் பக்கம் உருண்டு போனது, காந்தக் குச்சியை விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயிருந்தது. இருந்தாலும் மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் அந்த டிக்டிக் ஓசை சீராகி வருவதைக் கேட்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகத்தானே இந்தக் கூத்தெல்லாம்.

போர்ஷே 996-க்கு வருவோம். தண்ணீரால் குளிரும் முதல் 911 இதுதான். அதனால் பழைய ஏர்கூல்டு பக்தர்கள் இதை வெகுகாலம் சேர்த்துக்கொள்ளவில்லை, போதாக்குறைக்கு ஹெட்லைட்டை போர்ஷேயின் விலை குறைந்த பாக்ஸ்டரோடு பகிர்ந்துகொண்டது, அதன் வடிவத்தைப் பொரித்த முட்டை என்று கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலால்தான் சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு ஒரு 911 கைக்கு எட்டியது, எனவே கிண்டல் செய்தவர்களுக்கு நன்றி. ஓட்டிப் பார்த்தால் இந்த மூன்றில் மனம் சாய்வது இதன் பக்கம்தான். இதை மறைக்கப் போவதில்லை. ஸ்டீயரிங் கைக்குச் சொல்கிற செய்தி வேறு எதிலும் இல்லை.

ஆனால் எஞ்சின் அப்படிப் பேசுவதில்லை. எம்96 என்ற இந்த எஞ்சினில் கிராங்கின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு உண்டு, அதன் ஒரு முனையில், ஃப்ளைவீல் பக்கம், மூடி சீல் செய்த ஒரு பால் பேரிங். உள்ளே அடைத்த கிரீஸ் காலப்போக்கில் கழுவிப்போய் எஞ்சின் ஆயில் உள்ளே புகுந்து, பேரிங் நொறுங்கினால் டைமிங் குழம்பி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் கதை முடிந்தது. ஆரம்பக் கார்களில் இரட்டை வரிசை பேரிங், 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், பலவீனமானது அந்த ஒற்றைதான். அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கே நடந்து, 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்கு 2013-ல் சமரசத் தீர்வு வந்தது. பெரும்பாலான கார்கள் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரச்சினை அதுவல்ல. சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முன்கூட்டியே கிடைக்கிற ஒரே துப்பு, ஆயில் மாற்றும்போது ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தால் மினுங்குகிற உலோகத் துகள்.

நல்ல செய்தி என்னவென்றால், கிளட்ச் மாற்றும்போது கியர் பாக்ஸ் எப்படியும் கீழே வரும், அப்போதே இந்த பேரிங்கையும் மாற்றிவிடலாம், பக்கத்திலேயே இருக்கும் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து. அதனால் 996 பார்க்கப் போனால் கிளட்ச் எப்போது மாற்றினார்கள், ரசீது எங்கே என்று கேளுங்கள். இன்னொன்று சிலிண்டர் சுவரில் கீறல், 3.6 எஞ்சினில் இது அதிகம். இதற்கு அறிகுறி உண்டு: ஒரு பக்கத்து சைலன்சர் குழாயில் மட்டும் கரி படிவது, ஆயில் குறைவது, சூடான எஞ்சினில் ஒரு தட்டல். போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையா, அதுவும் ஒரு பதில்தான். டர்போ, ஜிடி3 மாடல்களில் போர்ஷே எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் வேறு எஞ்சின், அதில் இந்த பேரிங் வியாதி கிடையாது, ஆனால் ஒட்டவைத்த கூலன்ட் குழாய்கள் கழன்றுகொள்ளும். விலையும் வேறு உலகம்.

எஸ்4-ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அதன் குறை ஒரே வார்த்தையில் அடங்கும்: இடமில்லை. இரண்டு டர்போவையும் அந்த எஞ்சின் அறையில் திணித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், டர்போ மாற்ற எஞ்சினையே வெளியே எடுப்பதுதான் சுலபம் என்று தோன்றும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இது வாயாடி வண்டி. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்து ஸ்ஸ் என்று சீறும், டர்போ ஊளையிடும், முன் சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் எட்டு ஆர்ம்களில் ஏதோ ஒன்று கிறீச்சிடும். சொல்லாமல் படுக்காது, ஆனால் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் எது முக்கியமான பேச்சு என்று பிரித்துக் கேட்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மேல் ஆர்ம்களைப் பிடித்திருக்கும் அந்த நீளமான போல்ட் துருப்பிடித்து இறுகிக்கொள்வதைப் பற்றி இந்தக் கார் வைத்திருப்பவர் யாரிடமாவது கேளுங்கள், கேட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மாற்றியமைப்பது என்று வந்தால் மட்டும் கதை தலைகீழ். டர்போ எஞ்சின் என்பதால் சாஃப்ட்வேர் மாற்றினாலே எஸ்4 300 குதிரைத்திறனைத் தாண்டும், 380 குதிரைத்திறன் கொண்ட அதன் அண்ணன் ஆர்எஸ்4-ன் பெரிய டர்போக்களைப் போட்டால் இன்னும் மேலே போகலாம். எம்3-யில் எவ்வளவு செலவழித்தாலும் ஏற்கெனவே பிழிந்த எலுமிச்சையைத்தான் மறுபடி பிழிகிறோம். எம்3-யின் எடை குறைந்த வடிவமான 360 குதிரைத்திறன் சிஎஸ்எல் மாடலின் கார்பன் ஏர்பாக்ஸ் பாணியில் ஒன்றை மாட்டினால் கிடைப்பது முக்கியமாகச் சத்தம்தான், ஆனால் என்ன சத்தம்! 996-ல் புத்திசாலிகள் எஞ்சினைத் தொடமாட்டார்கள், ஷாக் அப்சார்பர், புஷ், பிரேக் இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினாலும், வேறு அளவு வீல் போட்டாலும், சிப் மாற்றினாலும் அதற்கான சான்றிதழோடு சோதனையாளரிடம் காட்டி, தேவையானதை ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே செல்லாமல் போகலாம். அதனால் ஏற்கெனவே மாற்றியமைத்த எஸ்4-ஐப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் காகிதத்தைப் படியுங்கள். வேலை செய்ய இடம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், மணிக்கணக்கில் லிஃப்டை வாடகைக்கு விடும் ஒர்க்‌ஷாப்புகள் இங்கே பல ஊர்களில் உண்டு. 30 வருடம் நிறைந்து, வண்டி ஒரிஜினலாகவும் நல்ல நிலையிலும் இருந்தால் நம்பர் பிளேட்டில் "ஹெச்" எழுத்தோடு வரிச்சலுகையும் வரும். எஸ்4-ன் முதல் வண்டிகளுக்கும் 996-க்கும் அது 2027-லேயே தொடங்கிவிடும், எம்3 2030 வரை காத்திருக்க வேண்டும்.

என் தேர்வு எம்3. 996-ஐ ஓட்டிவிட்டு வந்த அன்று மாலை மட்டும் இதைக் கேட்காதீர்கள். கிளட்ச், பேரிங் இரண்டும் மாற்றிய ரசீதும் சுத்தமான போரோஸ்கோப் படமும் உள்ள 996 கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம், அது இல்லாத 996-ஐவிடத் தரை வெடித்த எம்3 எனக்கு நிம்மதி. வெல்டிங்குக்கு எவ்வளவு என்று கேட்டு விலையில் கழித்துக்கொள்வேன். எஸ்4 வாங்குகிறவர் கையில் ஓட்டுவதற்கு இன்னொரு வண்டி இருக்க வேண்டும்.

எதைப் பார்க்கப் போனாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து கூலன்ட் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை மறைக்க முன்பே சூடாக்கியிருக்கலாம், டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.