கிளப் தன்னார்வலர்களின் குழந்தைகள் பாதுகாப்பு முகாம்: எந்த மேசையில் நிற்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் மாதிரியான சங்கங்களின் தன்னார்வலர்கள் நடத்தும் குழந்தைகள் பாதுகாப்பு, உடல்நல முகாம் எங்கே நடந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வரிசையாக மேசைகள், மேசைக்கு இரண்டு பேர், மொத்தம் அரை நாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லா மேசைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பெற்றவர் கையாலேயே செய்து பார்க்க வைக்கும் மேசைதான் மனதில் நிற்கும். நோட்டீஸ் மட்டும் கொடுக்கும் மேசையில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

முதலில் சைக்கிள் ஹெல்மெட் மேசை. இங்கே புது ஹெல்மெட் இலவசமாகக் கிடைக்குமா என்று பார்ப்பதைவிட, வீட்டில் இருப்பதை எடுத்துப்போய்ச் சரிபார்த்துக்கொள்வதில்தான் லாபம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி திறந்தே கிடக்கும். முன்பக்கமாக விழும்போது அடிபடும் இடமே அதுதான். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பக்க வார்கள் இரண்டும் காதுக்குச் சற்றுக் கீழே 'வி' வடிவத்தில் சேர வேண்டும். மோவாய் வாருக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். இதையெல்லாம் செய்த பிறகு நல்ல தன்னார்வலர் பிள்ளையை வாயை 'ஆ' என்று அகலத் திறக்கச் சொல்வார். அப்போது ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே அழுத்துவது பிள்ளைக்கே தெரியும். தெரியவில்லை என்றால் வார் தளர்வு. பின்னால் சரிகிறது என்றால் முன் வாரைச் சுருக்கி, பின் வாரைக் கொஞ்சம் விட வேண்டும்.

வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிய ஹெல்மெட்டை எந்த வாரும் காப்பாற்றாது. அதே போல, பலமாக ஒரு முறை அடிபட்டால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிவிடும், வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாது. "இதோடு எப்போதாவது விழுந்தாயா, கண்ணா?" என்று முதலில் கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

காரில் குழந்தையை உட்காரவைத்து வாரால் கட்டும் தனி இருக்கையைச் சரிபார்க்கும் கார் சீட் மேசைதான் முகாமிலேயே கடினமான வேலை, அதிகம் சொதப்புவதும் அங்கேதான். ஒரு சீட்டை ஒழுங்காகப் பார்க்க இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். வரிசை நீண்டால் தன்னார்வலரே மடமடவென்று மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அடுத்த வாரம் சீட்டைக் கழற்றி மாட்டும்போது பழைய தப்பு அப்படியே திரும்ப வரும். அதனால் "நானே மாட்டுகிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளும்போது மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பின்நோக்கி உட்காரும் சீட்டில் வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்நோக்கிய சீட்டில் சமமாகவோ சற்று மேலிருந்தோ. தடித்த ஸ்வெட்டரோடு வாரை மாட்டினால் இறுக்கமாக இருப்பது போல ஏமாற்றும், கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. இந்த மேசையில் இருப்பவர் முறையாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. மற்ற மேசைகளுக்கு ஆர்வமும் ஒரு நாள் பயிற்சியும் போதும், இதற்குப் போதாது.

தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் செய்யும் முதலுதவியைக் காட்டும் மேசையில் எத்தனை பயிற்சிப் பொம்மை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆறு பேருக்கு ஒன்றாவது இருந்தால்தான் கை பழகும், இல்லாவிட்டால் வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புற, தலை தாழ்ந்திருக்கும்படி கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். இந்த வயதில் வயிற்றை அழுத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். பெற்றவர்கள் எல்லோரும் பயந்து பயந்து மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். எவ்வளவு பலம் வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையில் தட்டினால்தான் பிடிபடும், வீடியோவில் பார்த்து வராது. இதே மேசையில் பட்டன் பேட்டரியை (காசு போல வட்டமான சின்ன பேட்டரி) விழுங்குவதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். விளையாட்டுப் பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்கும் 3.17 செ.மீ. விட்டமுள்ள குழாயும் சில மேசைகளில் இருக்கும். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது.

கண் பரிசோதனை மேசையில் குழந்தையின் கையைக் கவனியுங்கள். உள்ளங்கையால் கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிடும். சரியான மேசையில் அடைக்கும் அட்டை வைத்திருப்பார்கள், தரையில் தூரத்தை அளந்து டேப் ஒட்டியிருப்பார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எழுத்துகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவதால், வரிசையைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். இங்கே தேறிவிட்டால் கண்ணில் குறையே இல்லை என்று அர்த்தம் ஆகாது. தேறாவிட்டால் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், இரண்டு வாரத்தில் போன் செய்து "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்கும் சங்கமே முழு வேலை செய்கிற சங்கம். அப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

உயரம், எடை மேசையை வரிசை இருந்தால் விட்டுவிடலாம். ஷூவோடு ஏற்றி அளக்கிற இடத்தில் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) மேசையில் ஒன்றே ஒன்று: ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டும் ஒரு லிட்டரில் கரைய வேண்டும், பாதியைக் கண்ணளவில் கிளாஸில் போடக் கூடாது, கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ரோட்டரி 1985இல் தொடங்கிய போலியோ ஒழிப்பு வேலையை இத்தனை ஆண்டுகளாக விடாமல் பிடித்திருப்பது போல, ஒரு சங்கம் நான்கே மேசையை ஆண்டுதோறும் ஒழுங்காக நடத்தினால் அது பதினைந்து மேசை போடுவதைவிட மேல். பெயர் அட்டை இல்லாத தன்னார்வலரிடமோ, ஒரே ஒருவர் தனியாகக் குழந்தையைத் திரைக்குப் பின்னால் அழைக்கும் இடத்திலோ நிற்க வேண்டாம். கேட்காமல் படம் எடுத்தால் அழிக்கச் சொல்லுங்கள். கைரேகை, புகைப்படத்தோடு அடையாள அட்டை போட்டுக் கொடுத்தால் அசலும் நகலும் உங்களிடமே வர வேண்டும்.

முகாம் திறந்ததும் போய்விடுங்கள், முதலில் கார் சீட் மேசைக்கு. ஹெல்மெட், சீட், சீட்டோடு வந்த கையேடு, தடுப்பூசி அட்டை நான்கையும் முந்தின இரவே எடுத்து வையுங்கள்.