கன்னியாகுமரி வரை எங்களுடன் வந்த உதவி வேன்: ஒரு பயனாளரின் மதிப்பீடு

கடந்த ஜனவரியில் நண்பர்கள் ஆறு பேர் திருவான்மியூரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரை வழியாக ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, எட்டாம் நாள் மாலை கன்னியாகுமரியை அடைந்தோம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்ப்பதே பயணத்தின் நோக்கம். எங்களில் ஒருவருடைய தாயார் அங்கே சிகிச்சை பெற்றவர். ஓட்டுநர், மெக்கானிக் இருவரோடும் வந்த உதவி வேனைச் சென்னையிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்திடமிருந்து அமர்த்தியிருந்தோம். இப்படியொரு சேவையை நாடுகிறவர்கள் எதைக் கேட்டுப் பேச வேண்டும் என்பது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் சந்திப்பிலேயே அதன் உரிமையாளர் எங்களிடம் கேட்டது வழித்தடத்தைப் பற்றியன்று, பணத்தைப் பற்றி. நன்கொடையை நண்பர் ஒருவரின் வங்கிக் கணக்கில் சேர்த்து, அதிலிருந்தே வேன் வாடகையையும் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நன்கொடையாளர்கள் நேரடியாக மருத்துவமனைக்கு அனுப்பினால் ரசீது அவரவர் பெயரில் வரும் என்பதையும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரியில் 80ஜி பிரிவின்படி கழிவு கோர முடியாது என்பதையும் பொறுமையாக விளக்கினார். வேனுக்கான 54,000 ரூபாயை ஆளுக்கு 9,000 வீதம் எங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்தோம். பின்னாளில் உறவினர் ஒருவர் கணக்குக் கேட்டபோது தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த உரிமையாளர்தான். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டியிருக்கும். தை மாத வாடைக்காற்றோ முதுகில் கைவைத்துத் தள்ளும். இராமநாதபுரத்துக்குத் தெற்கே சாலை தென்மேற்காகத் திரும்பியபோது அதன் அருமையை உணர்ந்தோம்.

மெக்கானிக்கைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே சாலையோரம் நெடுகச் சீமைக் கருவேல மரங்கள். ஒரே காலையில் நான்கு பங்சர்கள் ஆயின. நானாக இருந்தால் டியூபை மாற்றிவிட்டு உடனே கிளம்பியிருப்பேன். அவர் கழற்றிய டியூபில் சிறிது காற்றடித்து, கன்னத்தருகே வைத்து மெல்லச் சுழற்றினார். காற்று கசியும் இடம் பிடிபட்டதும், டியூபை வால்வு இருந்த நிலைக்கு ஒப்ப டயரின் மேல் வைத்து, டயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று கணித்தார். பிறகு பழந்துணி ஒன்றைச் சுருட்டி டயரின் உட்புறத்தில் ஓட்டினார். ஓரிடத்தில் நூல் சிக்கி நின்றது. அங்கே டயரின் நிறத்திலேயே, எள்ளளவே நீளமுள்ள முள்முனை ஒடிந்து புதைந்திருந்தது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் மீண்டும் நின்றிருப்போம். மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களைக் கடந்த நாட்களின் மாலையில், நாங்கள் குளிக்கப் போகுமுன்பே ஆறு சைக்கிள்களின் செயினையும் துடைத்து எண்ணெயிட்டு, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துக் கோட்டம் எடுத்து வைப்பார்.

குறைகளும் உண்டு. ஒலிப்பானை அடித்தபடி பின்னால் வராமல், பத்துக் கிலோமீட்டர் முன்னே சென்று நிழலில் காத்திருப்பது இவர்களுடைய முறை. சைக்கிள் ஓட்டுபவருக்கு அது நிம்மதியானதுதான். ஆனால் ஆறு பேரும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே சில நேரம் ஆறு கிலோமீட்டர் இடைவெளி விழுந்தது. இரண்டாம் நாள் கடலூரைத் தாண்டியதும் கடைசியாக வந்த நண்பரின் பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்குகள் உடைந்தன. வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவருடைய அழைப்பு யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் அவர் வெயிலில் நின்றார். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அன்றிரவே அதைப் பேசினோம். மறுநாள் முதல், கடைசி ஆள் தாண்டிச் சென்ற பிறகே வேன் அடுத்த இடத்துக்கு நகரும் என்று மாற்றிக்கொண்டார்கள். கேட்டதும் மாற்றிக்கொண்டது நல்லதுதான். எனினும் நாங்கள் கேட்கும் நிலை வந்திருக்கக் கூடாது.

மதிய உணவு சுமார் ரகம். தங்குமிடங்கள் எளியவை, ஆனால் சுத்தமாக இருந்தன. தண்ணீரைப் பெரிய கேன்களில் கொண்டுவந்து எங்கள் பாட்டில்களில் நிரப்பியதும், வெயில் ஏறியதும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கேட்காமலே கலந்து கொடுத்ததும் பாராட்டத்தக்கவை. முதலுதவிப் பெட்டியில் மட்டும் பஞ்சும் பிளாஸ்திரியும் தவிர வேறெதுவும் இல்லை. தேவையானவற்றை நாகப்பட்டினத்தில் நாங்களே வாங்கினோம்.

கன்னியாகுமரியில் சைக்கிள்களை வேனில் ஏற்றிய பிறகு, மெக்கானிக் ஒரு பையைக் கொண்டுவந்து எங்கள் முன் கவிழ்த்தார். நாங்கள் முன்பணம் கொடுத்து வாங்கச் சொன்ன இருபது டியூப்களில் பயன்படாத ஏழும் பெட்டி பிரிக்கப்படாமல் அதில் இருந்தன. அவற்றின் விலையைக் கழித்தே இறுதி ரசீதை எழுதியிருந்தார்கள். அடுத்த ஜனவரிக்கும் அவர்களிடமே சொல்லி வைத்திருக்கிறோம். அதே மெக்கானிக் வரவேண்டும், முதலுதவிப் பெட்டியைப் புறப்படும் முன் நாங்கள் திறந்து பார்ப்போம் என்ற இரண்டு நிபந்தனைகளோடு.