ரன்னிங்-இன் முடிந்தால் மைலேஜ் ஏறுமா? இருபதாயிரம் கிலோமீட்டர் ஸ்விஃப்ட் ஓட்டிய கணக்கு

"முதல் சர்வீஸ் முடியட்டும், மைலேஜ் தானா ஏறும்." புது கார் எடுத்தவர்களில் இந்த ஆறுதலைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஷோரூமில் சொல்வார்கள், மெக்கானிக் சொல்வார், பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார். புது இன்ஜின் ஓடி ஓடிப் பழகும் இந்த ஆரம்ப காலத்தைத்தான் ரன்னிங்-இன் என்பது. என்னுடையது 2024-ல் வந்த மூன்று சிலிண்டர் 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட், மேனுவல் கியர். இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மைலேஜ் ஏறியதா என்றால் ஏறியது. ஆனால் அதில் இன்ஜினின் பங்கு கொஞ்சம்தான் என்று எனக்குப் படுகிறது.

ஓட்டம் பெரும்பாலும் உடுமலை - பொள்ளாச்சி, வேலைக்குப் போய் வருவது. அவ்வப்போது கோவை. ஏசி எப்போதும் உண்டு. ஆரம்பத்தில் லிட்டருக்கு 17 சொச்சம் கொடுத்தது. ஐயாயிரம் தாண்டியபோது 19-ஐத் தொட்டது, இப்போது 19.5-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கிறது. கம்பெனி சொல்லும் 24.80 என்பது உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்த கணக்கு. அதை நம் ரோட்டில் தேடுவதில் அர்த்தமில்லை.

முதல் டேங்கை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. யாருமே சேர்க்கக்கூடாது என்பேன். கோயிலுக்குப் போய் பூஜை, எலுமிச்சம்பழம், அப்புறம் சொந்தக்காரர் வீடு வீடாக ஒரு சுற்று. வீட்டு வாசலில் ஏசி ஓட, எல்லோரும் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். அந்த டேங்கில் 13 வந்தாலும் ஆச்சரியமில்லை.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவதுதான் நம்பத்தக்க வழி. மீட்டரில் வரும் சராசரி என் வண்டியில் எப்போதும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே காட்டுகிறது. ஆனால் பங்க்கில் டேங்க் நிறைந்து பம்ப் தானாக நின்றதும் (ஆட்டோ கட்), "ரவுண்டா போட்டுக்கறேனுங்கண்ணா" என்று பையன் இன்னும் இரண்டு மூன்று அழுத்து அழுத்துவான். அதில் அரை லிட்டர் கூடப் போய்விடும். 25 லிட்டரில் அரை லிட்டர் என்றால் 2 சதவீதம். ரன்னிங்-இன்னால் கிடைக்கும் லாபமே சில சதவீதம்தான் எனும்போது, ஒரு டேங்க்கை வைத்து "ஏறிடுச்சு" என்று சொல்வது வெறும் நம்பிக்கை. ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட் ஆனதுமே நிறுத்தச் சொல்வது, ஐந்தாறு டேங்க் சேர்த்துச் சராசரி பார்ப்பது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எண்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன.

சரி, இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது? சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்து குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். ஆயில் தங்க அவை வேண்டும். கீறல்களின் ஓரத்தில் துருத்தி நிற்கும் முனைகளை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் தேய்த்துச் சமன் செய்யச் செய்ய, உராய்வு குறைந்து ரிங் நன்றாக உட்காரும். அந்தக் காலத்து வண்டிகளில் இது பெரிய விஷயம். இப்போது அந்த முனைகளைத் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் மழுக்கிவிடுகிறார்கள், அதனால் நமக்கு மிஞ்சுவது குறைவு. ஆனாலும் பூஜ்யம் இல்லை. அமெரிக்க அரசின் எரிபொருள் இணையதளமே, புது வண்டி முழு மைலேஜைக் காட்ட 3,000 முதல் 5,000 மைல், அதாவது ஏறக்குறைய 4,800 முதல் 8,000 கிலோமீட்டர் ஆகலாம் என்கிறது. ஐரோப்பாவில் இப்போதுள்ள சோதனைக்கும் 3,000 கிலோமீட்டராவது ஓடிய வண்டியைத்தான் எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டரில் எல்லாம் முடிந்துவிடும் என்பது முதல் சர்வீஸ் தேதியை வைத்து நாமாக முடிச்சுப் போட்டது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் ஆயிரம் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே, உயர் கியரில் திணறவிடாதே என்று கையேடு சொல்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க உதவுவதே ஐந்தாம் கியரில் சீராகப் போவதுதான். அந்தத் தடை விலகியதுமே மைலேஜ் ஏறத்தான் செய்யும். அந்தப் பெயரை ரிங் தட்டிக்கொண்டு போகிறது.

டயரும் சேர்ந்து விளையாடுகிறது. தேயத் தேய உருளும்போது உள்ள இழுவை குறையும், அது நிஜ லாபம். கூடவே ஒரு பொய் லாபமும் உண்டு: 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 62 சென்டிமீட்டர். 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 6 குறையும், ஓடோமீட்டர் ஏறக்குறைய 1 சதவீதம் கூட்டிக் காட்டும்.

இன்னொரு பக்கம் இழுப்பதும் இருக்கிறது. வண்டி எடுத்த பிறகு, 2025-ல், பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் இளகிக் கொடுத்ததில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் எங்கள் ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை எதிர்த்துக் காலையில் பொள்ளாச்சி போனால் காற்றாலைக்கு மட்டும்தான் சந்தோஷம். சாயங்காலம் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளினாலும், போகும்போது இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை. அந்த இரண்டு மாதமும் 18.5-க்கு இறங்கிவிடுகிறது.

ஓட்டுபவரின் காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபதாயிரத்தை நெருங்கும்போது என் தம்பி கொஞ்ச நாள் இதே ரோட்டில் இதே வண்டியை ஓட்டினான். 17-க்குப் போய்விட்டது. நன்றாகப் பழகிய இன்ஜின், பழகாத கால். என் கையில் ஏறிய இரண்டு கிலோமீட்டரில் இன்ஜினுக்கு அரையோ முக்காலோ கொடுப்பேன். மீதி டயர், ஐந்தாம் கியர், சிக்னல் தெரிந்ததும் முன்கூட்டியே கால் எடுக்கும் பழக்கம்.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் மைலேஜ் கூடும் என்று ஒரு பாட்டில் திரவத்தை பில்லில் சேர்க்கப் பார்த்தார்கள். வேண்டாமென்று எடுக்கச் சொல்லிவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டயர் சூடாவதற்கு முன் காற்று பார்ப்பதோடு சரி. புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.