தகர டேஷ்போர்டுக்குள் ஏசி: டிரைவர் பக்கத்து லூவர் படுத்தும் பாடு

நண்பர் ஒருவர் தன் பழைய மகிந்திரா டீசல் பிக்கப்புக்கு ஏசி மாட்டப் போகிறார். காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடலாமா, உள்ளேயே மறைத்துவிடலாமா என்று கேட்கிறார். என் பிக்கப்பில் உள்ளேதான் இருக்கிறது. வெயில், மழை இரண்டையும் போதுமான அளவு பார்த்துவிட்டது. எந்த கம்ப்ரசர், எந்த கண்டென்சர் என்பதையெல்லாம் பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். அங்கே யாரும் வாயே திறக்காத விஷயம் டிரைவர் பக்கத்து லூவர், அதாவது காற்று வெளியே வரும் சின்ன ஜன்னல்.

பெட்டி உட்காரும் அளவுக்கு இடம் இருப்பது இடது பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். ஓட்டுகிறவர் இருப்பது வலது பக்கம். குளிர்காற்று டேஷ்போர்டு முழுவதையும் கடந்து வந்தாக வேண்டும். வழியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், மீட்டர் ஒயரிங், ஸ்டியரிங் தண்டு. இந்த நெருக்கடியைப் பார்த்ததும் மெக்கானிக்கின் கை தானாக காற்றைக் கொண்டுபோகும் 50 மி.மீ. டக்ட் ஹோஸுக்குப் போகும். மீட்டருக்குப் பின்னால் வளையும் இடத்தில் அது நசுங்கிவிடும்; உள்ளே இருக்கும் மடிப்புகள் மிச்சக் காற்றையும் தடுக்கும். பக்கத்து சீட்காரர் குளிர் தாங்காமல் லூவரை மூடுவார், ஓட்டுகிறவருக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கிடக்கும். ப்ளோயரை மூன்றில் வைத்தால் சத்தம்தான் கூடும். எத்தனை நல்ல பாகம் போட்டிருந்தாலும் இந்த ஒன்று எரிச்சலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்.

குறைக்க வழி உண்டு. 63 மி.மீ. ஹோஸின் குறுக்குப் பரப்பு 50 மி.மீ. ஹோஸைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அது மீட்டருக்குப் பின்னால் நுழையாது. அந்த இடத்துக்கு மட்டும் 80க்கு 40 மி.மீ. அளவில் தட்டையான தகர டக்ட் மடித்து வாங்குங்கள். பரப்பு ஏறக்குறைய 63 மி.மீ. ஹோஸ் அளவே வரும். இரண்டு முனையிலும் வட்டக் காலர் வைத்து, ஹோஸை ஏற்றி கிளாம்ப் போட்டுவிடலாம். பெட்டியில் நான்கு வாய் இருந்தால் இரண்டை வலது பக்கத்துக்கே ஒதுக்குங்கள். இடது லூவருக்கு ஒரு 50 மி.மீ. ஹோஸே தாராளம். இவ்வளவும் செய்த பிறகும் வலது பக்கம் இடது பக்கத்தை எட்டாது, வித்தியாசம் சகிக்கும்படி இருக்கும்.

தகர டக்ட் வியர்க்கும். 6 மி.மீ. நைட்ரைல் ஃபோமை முழுக்கச் சுற்றி இணைப்புகளில் டேப் ஒட்டாவிட்டால், மழைக்காலத்தில் தண்ணீர் நேராக மீட்டர் ஒயரிங்கில் சொட்டும். பெட்டித் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் குழாயும், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலைத் தாண்டும்வரை சரிவாகவே இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தேங்கி, வளைவில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் காலில் கொட்டும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. ப்ளோயர், கம்ப்ரசர் கிளட்ச், கண்டென்சர் ஃபேன் மூன்றும் சேர்ந்து 25, 30 ஆம்பியர் இழுக்கும். பழைய 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டோடு சேர்த்துத் தாங்காது, 65 ஆம்பியராவது வேண்டும். லைனை பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனியாக எடுங்கள். டேஷ்போர்டில் கரண்ட் அளக்கும் பழைய அம்மீட்டர் இருந்தால் இந்த லோடு அதன் வழியாகப் போகவே கூடாது.

கேஸ் ஏற்றும்போது இன்னொன்று. அதற்கு முன் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். அப்போது வேக்கம் 29 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நல்ல பம்ப் போட்டாலும் முள் 27 பக்கத்திலேயே நின்றுவிடும். அதை லீக் என்று நினைத்து இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எல்லாம் கழற்ற விடாதீர்கள். வால்வை மூடி பம்ப்பை நிறுத்தி, 20 நிமிஷம் முள் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனை.

குளிர்ச்சியைக் குறை சொன்னால் அநியாயம். இரண்டு பேர் உட்காரும் கேபினுக்கு சாண்டன் 508 கம்ப்ரசர் தாராளம். கண்டென்சருக்கு முன்னால் தனி ஃபேன் இருந்தால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றாலும் சில்லென்றே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டால்தான் இதன் அருமை தெரியும்: ஏசி காற்றின் ஈரத்தை இழுத்துவிடுவதால் கண்ணாடியில் படிந்த ஆவி மளமளவென்று விலகும். ஓட்டிக்கொண்டே துணியால் துடைக்கும் வேலை போயிற்று. வெயிலுக்காகப் போட்ட ஏசியை நான் மழையில்தான் அதிகம் கொண்டாடுகிறேன்.

இருந்தும், உள்ளே வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அண்மையில் எக்ஸ்பான்ஷன் வால்வு ஓ-ரிங்கில் கசிவு. ஓ-ரிங் கையகலம்கூட இல்லாத பொருள்; அதை எட்ட மீட்டர், க்ளவ் பாக்ஸ், டக்ட் எல்லாம் கழன்றாக வேண்டும். கீழே தொங்கும் பெட்டி என்றால் நான்கு போல்ட். லூவருக்காக வெட்டிய பழைய தகரமும் திரும்ப வராது. பெட்டியை நடுவில் தொங்கவிட்டால் அதன் முகத்திலிருக்கும் லூவரையே டிரைவர் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், டக்டே தேவையில்லை. துளை போடுவதற்கு முன் கியர் லிவரை, முன்னால் தள்ளிப் போடும் எல்லா கியருக்கும் கொண்டுபோய், விரல் பெட்டியில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.