ஐந்தாம் தளத்திலிருந்து கீழே: நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், ஒரு புதியவரின் பார்வையில்

மன்ஹாட்டனின் 53ஆம் தெருவில் இருக்கும் நவீன கலை அருங்காட்சியகத்தை நியூயார்க்வாசிகள் ‘மோமா’ என்றே அழைக்கிறார்கள். இம்ப்ரெஷனிசம், கியூபிசம், சர்ரியலிசம் என்ற சொற்களைச் சிற்றிதழ்க் கட்டுரைகளில் படித்து, அவை எதைக் குறிக்கின்றன என்று உறுதியாகத் தெரியாமலேயே பல ஆண்டுகள் தலையாட்டிவந்த என்னைப் போன்ற ஒருவருக்கு, இந்த இடம் எந்த அளவுக்கு ஆசிரியராக அமைய முடியும் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கட்டடத்தைப் பற்றியும் அங்குள்ள உணவகத்தைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 30 டாலர். 16 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே சென்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கண்ணில் படும் முதல் கூடத்துக்குள் நுழையாமல் நேராக ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுவது. 1880களிலிருந்து 1940கள் வரையிலான படைப்புகள் அங்கே இருக்கின்றன. நான்காம் தளம் 1940களிலிருந்து 1970கள் வரை செல்கிறது. அதற்குப் பிந்தையவை இரண்டாம் தளத்தில் உள்ளன. மேலிருந்து கீழே இறங்கிவந்தால் காலவரிசை தானாகவே அமைந்துவிடும். கீழிருந்து ஏறுபவர் ஒரு நாவலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கியவரைப் போலத் திணறுவார்.

ஆனால் காலவரிசை மட்டும் அறிமுகமாகிவிடாது. அதற்கு ஒரு வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தை வரைந்தவர் இந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான ஆல்ஃபிரட் பார். 1929இல் இது தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 27. 1936இல் கியூபிசத்தையும், பொருள்களின் உருவத்தைக் காட்டாத அரூபக் கலையையும் பற்றி அவர் நடத்திய கண்காட்சியின் நூலட்டையில் ஒரு விளக்கப்படம் அச்சாயிற்று. மேலே செசான், வான் கோ, கோகன், சூரா. அவர்களிடமிருந்து கிளம்பும் அம்புகள் ஃபாவிசம், கியூபிசம், ஃபியூச்சரிசம், டாடா எனப் பிரிந்தும் சேர்ந்தும் இறங்கி, அடியில் வடிவியல் சார்ந்த அரூபக் கலை, வடிவியல் சாராத அரூபக் கலை என்ற இரு முடிவுகளில் வந்து நிற்கும். ஜப்பானிய அச்சோவியம், ஆப்பிரிக்கச் சிற்பம், இயந்திரங்களின் அழகியல் போன்ற வெளித்தாக்கங்களைச் சிவப்பு நிறத்தில் தனியே காட்டியிருந்தார். பல பதிற்றாண்டுகள் இந்த அருங்காட்சியகத்தின் கூடங்கள் ஏறக்குறைய அந்த அம்புகளின் வழியிலேயே அமைந்திருந்தன.

2019இல் சில மாதங்கள் மூடி, விரிவாக்கி, மீண்டும் திறந்தபோது நிர்வாகம் அந்த வழியைத் திட்டமிட்டே தளர்த்தியது. இன்று கூடங்களின் பெயர்ப்பலகைகளில் இயக்கங்களின் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஓவியம், புகைப்படம், சிற்பம், திரைப்படத் துண்டு எல்லாம் ஒரே அறையில் கலந்திருக்கின்றன. காட்சிப் பொருள்களில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுகிறார்கள். வரலாறு என்பது பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஒரே நேர்கோடு அல்ல என்ற இந்த நிலைப்பாடு நியாயமானதுதான். எனினும், கோட்டையே அறியாதவருக்குக் கோடு கலைக்கப்பட்டிருப்பது தெரியப்போவதில்லை. ஆகவே புதியவர்களுக்கு நான் தரும் முதல் பரிந்துரை, ஆல்ஃபிரட் பாரின் அந்த விளக்கப்படத்தைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு போங்கள் என்பதே.

ஐந்தாம் தளத்தின் தொடக்கத்தில் எல்லோரும் வான் கோவின் ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ ஓவியத்தை நோக்கிப் போவார்கள். 1889இல் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தபோது வரைந்தது. கூட்டம் விலகும் வரை காத்திருந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வண்ணம் கித்தானின் மேல் வரப்புபோல மேடுகட்டி நிற்பது தெரியும். நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய சுழல்கள் வெறும் வடிவங்களல்ல, கை அசைந்த தடங்கள் என்பது அப்போதுதான் விளங்கும். கண் கண்டதை விட்டுவிட்டு உள்ளம் உணர்ந்ததை வரைவது என்ற எக்ஸ்பிரஷனிசத்தின் பின்னாளைய கொள்கைக்கான விதை அந்த மேடுகளில் இருக்கிறது.

ஆனால் பாடம் என்ற வகையில் அதைவிட முக்கியமானவர் செசான். அவருடைய ஓவியங்களில் மேசையின் விளிம்பு ஒரு பக்கம் சற்று உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். கிண்ணத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒருசேரப் பார்ப்பதுபோல் தோன்றும். இந்தச் சிறு பிசகை மனத்தில் வாங்கிக்கொண்டு அடுத்தடுத்த அறைகளுக்குச் சென்றால், பிக்காசோவும் பிராக்கும் அதைப் பிசகாகக் கொள்ளாமல் விதியாகவே ஏற்றுக்கொண்டு கடைசி எல்லை வரை கொண்டுபோனதுதான் கியூபிசம் என்பது யாரும் சொல்லாமலே பிடிபடும். 1911-12இல் வரையப்பட்ட பிக்காசோவின் ‘மா ஜோலி’, பிராக்கின் ‘கித்தார் வைத்திருக்கும் மனிதன்’ ஆகிய இரண்டும் இந்தச் சேகரிப்பில் உள்ளவை. பழுப்பும் சாம்பலுமான அந்த உடைந்த தளங்களில் எது யாருடையது என்று பெயர்ப்பலகையைப் பார்க்காமல் சொல்லிவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர். எனக்கு இயலவில்லை. தனித்துவமே கலைஞனின் அடையாளம் என்று நம்பியிருந்த எனக்கு, இருவர் வேண்டுமென்றே ஒருவர்போல் வரைந்த அந்தச் சில ஆண்டுகள் பெரிய வியப்பைத் தந்தன.

‘அவிஞ்ஞோன் நங்கையர்’ (1907) ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரமும் அதற்குச் சற்றே குறைந்த அகலமும் உடைய கித்தான். ஐந்து பெண்களில் வலப்பக்கத்து இருவரின் முகங்கள் ஆப்பிரிக்க முகமூடிகளை ஒத்திருக்கின்றன. 2019இல் இதன் அருகே, ஃபெயித் ரிங்கோல்ட் என்ற கறுப்பின அமெரிக்க ஓவியர் 1967இல் வரைந்த, தெருவில் வெள்ளையரும் கறுப்பரும் இரத்தம் சிந்தி ஓடும் பெரிய ஓவியத்தை மாட்டினார்கள். அறுபது ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு படைப்புகளை ஒரே அறையில் வைத்தது பலருக்கு உவப்பாக இல்லை. எனக்கு அந்த முடிவு சரியென்றே தோன்றுகிறது. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ 1939 முதல் 1981 வரை இதே அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தது; அதை இங்கே வந்து பார்த்துப் பயின்றவர்களில் ரிங்கோல்டும் ஒருவர். பாரின் படத்தில் இல்லாத ஓர் அம்பு அது.

மத்தீஸின் ‘சிவப்பு ஓவியக்கூடம்’ (1911) முன் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் நின்றேன். சுவரும் தரையும் மேசையும் ஒரே சிவப்பில் மூழ்கிக் கிடக்க, நாற்காலியின் உருவம் மெல்லிய மஞ்சள் கோடுகளால் மட்டும் தெரிகிறது. அச்சில் பார்த்தபோது அவற்றைச் சிவப்பின்மேல் வரைந்த கோடுகள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவை கோடுகளே அல்ல. மத்தீஸ் முதலில் வேறு நிறங்களில் அறையை வரைந்துவிட்டுப் பிறகு சிவப்பைப் பூசியபோது பூசாமல் விட்ட இடைவெளிகள். சுவரோரம் நிற்கும் கடிகாரத்தில் முட்கள் இல்லை. நிறம் பொருளுக்கு அடங்கியிருக்கத் தேவையில்லை என்ற ஃபாவிசத்தின் துணிவு, அந்த இயக்கம் கலைந்த பிறகும் மத்தீஸிடம் எப்படித் தங்கியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. இடையே ஒரு செய்தி: ஃபாவிசம் என்ற பெயர் ‘காட்டு விலங்குகள்’ என்ற ஏளனத்திலிருந்து வந்தது. 1905இல் அப்படி எழுதிய விமர்சகர் லூயி வோசெல்தான் 1908இல் பிராக்கின் ஓவியங்களைக் கனசதுரங்கள் என்று கேலி செய்து கியூபிசத்துக்கும் பெயர்வரக் காரணமானார். ஒரே மனிதரின் எரிச்சலுக்கு இரண்டு இயக்கங்கள் பெயரளவில் கடன்பட்டிருக்கின்றன.

வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய ஃபியூச்சரிசத்துக்குப் போச்சியோனியின் ‘எழும் நகரம்’ (1910) ஒன்றே போதும். கலை என்ற கருத்தையே கேலி செய்த டாடாவுக்கு டூஷாம்பின் ‘மிதிவண்டிச் சக்கரம்’. ஒரு முக்காலியின்மேல் தலைகீழாகப் பொருத்திய சக்கரம், அவ்வளவே; 1913இல் செய்த மூலம் தொலைந்துபோனதால் இங்கிருப்பது 1951இல் அவரே மீண்டும் அமைத்தது. மூலமே இல்லாத ஒன்றை மூலப்படைப்பாகக் காட்டுவதில் டூஷாம்பின் நகைச்சுவை இன்னும் தொடர்கிறது. கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்த சர்ரியலிசத்துக்கு எல்லோரும் டாலியின் உருகும் கடிகாரங்களைத் தேடுவார்கள். அந்த ஓவியம் 24க்கு 33 சென்டிமீட்டர், ஒரு குறிப்பேட்டைத் திறந்துவைத்த அளவுகூட இல்லை. கடந்துபோய்விட்டுத் திரும்பிவந்து பார்ப்பவர்களே அதிகம்.

மலேவிச்சின் ‘வெள்ளையின்மேல் வெள்ளை’ (1918) அறிமுகம் தேடி வருபவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகும் இடம். நெருங்கிப் பார்த்தால், சாய்ந்திருக்கும் சதுரத்தின் வெள்ளை சற்றுக் குளிர்ந்தும் பின்னணியின் வெள்ளை சற்று வெம்மையோடும் இருப்பதும், தூரிகையின் தடங்கள் மறைக்கப்படாமல் இருப்பதும் தெரியும். மோந்திரியானின் ‘பிராட்வே பூகி வூகி’ (1942-43) பற்றியும் இதையே சொல்லலாம். அளவுகோல் வைத்து அச்சிட்டதுபோல் நினைவில் இருக்கும் அந்த ஓவியம், நேரில் கையால் பூசிய வண்ணத்தின் ஏற்ற இறக்கங்களோடு இருக்கிறது. அதற்குமுன் பல ஆண்டுகள் அவர் பயன்படுத்திய கறுப்புக் கோடுகள் அதில் இல்லை. போருக்குத் தப்பி நியூயார்க் வந்த முதியவர் ஒருவர் ஜாஸ் இசையைக் கேட்டு மனம் இளகியதன் பதிவாக அதைப் பார்ப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

நான்காம் தளத்தில் எல்லாம் பெரிதாகிவிடுகின்றன. பொல்லாக்கின் ‘ஒன்று: எண் 31, 1950’ ஐந்து மீட்டருக்கு மேல் அகலமானது, கித்தானைத் தரையில் விரித்து, வீட்டுக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தையும் கலந்து, சுற்றிச் சுற்றி நடந்து ஊற்றியது. பார்னெட் நியூமனின் செங்கடல் போன்ற ஓவியம் ஏறக்குறைய அதே அளவினது. 1951இல் தம் பெரிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டாம், அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று நியூமன் குறிப்பு எழுதி ஒட்டினார். அதைக் கடைப்பிடித்துப் பாருங்கள். பார்வையின் ஓரங்களெல்லாம் சிவப்பாகும்போது, ‘இது எதைப் பற்றிய ஓவியம்’ என்ற நம் வழக்கமான கேள்வி சிறிது நேரம் எழுவதில்லை.

அதிலிருந்து வார்ஹோலின் ‘கேம்பெல் சூப் டப்பிகள்’ (1962) முன் வந்து நிற்கும்போது ஏற்படும் அதிர்ச்சி பயனுள்ளது. 32 சுவைகளுக்கு 32 கித்தான்கள். முதல் காட்சியில் அவற்றைக் கடைப்பொருள்போல் ஒரு பலகைத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். இயந்திர அச்சு என்று தோன்றினாலும் பெரும்பகுதி கையால் தீட்டியவை; திரைஅச்சு முறைக்கு அவர் மாறியது அதற்குச் சற்றுப் பின்னர். நியூமன் கேட்ட பயபக்தியை, அன்றாடக் கடைப்பொருள்களைக் கலையாக்கிய பாப் ஆர்ட் எப்படிக் கலைத்தது என்பதைச் சில நிமிட நடையில் உணர்த்துவதற்கு வேறு எங்கும் இப்படியொரு வாய்ப்புக் கிடைப்பது அரிது. வடிவங்களை மிக எளிமையாகக் குறைத்துவிடும் மினிமலிசம் எனக்கு இன்னும் கைவரவில்லை. அதைப் பற்றிப் பேசத் தகுதியும் இல்லை.

குறைகள் இரண்டு. கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிசத்தின் உச்சகாலமான 1870கள் இந்தச் சேகரிப்பின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மோனேயின் சுமார் 13 மீட்டர் நீளமுள்ள மூன்று பலகை ‘நீர் அல்லிகள்’ பிரமிக்க வைப்பதுதான். ஆனால் அது 1914க்குப் பிந்தைய முதுமைக்காலப் படைப்பு. தொடக்கத்தைப் பார்க்க ஐந்தாம் அவென்யூவிலுள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் முன்னதாகவே போய்வருவது நல்லது. இரண்டாவது, இரண்டாம் தளம். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல படைப்புகள் பல அங்கே உண்டு, ஆனால் ஐந்தாம் தளம் கற்றுத்தந்த கேள்வி-பதில் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. களைத்த கால்களோடு அங்கே போவதைவிட, மீதமிருக்கும் அரைமணி நேரத்தில் மறுபடியும் மேலே ஏறி, செசானையும் அவருக்குப் பின் ‘மா ஜோலி’யையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வெளியேறுங்கள்.